காது பழகட்டும், அப்புறம் மார்க் போடலாம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை என்னுடையது. டெய்லர், செக்கிங், பேக்கிங், சூப்பர்வைசர், ஆபீஸ் என்று எந்த வேலைக்கு வருகிறவரும் முதலில் எங்கள் மேஜைக்குத்தான் வரவேண்டும். புரொடக்‌ஷன் பக்கமிருந்து யாராவது ஒருவர் என்னோடு உட்காருவார். அவர்கள் நிரப்பித் தருகிற தாளில் திரும்பத் திரும்ப வருகிற வரி ஒன்று உண்டு: "வேலை தெரியுது, பேச்சு சரியில்லை."

என்ன பேசினார், எது சரியில்லை என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் குவாலிட்டி இன்சார்ஜ் வேலைக்கு வந்திருந்தார். டீ-ஷர்ட் ஒன்றைக் கையில் கொடுத்தோம். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஆயில் கறை, விட்டுப்போன தையல் என்று நாங்கள் தெரிந்தே வைத்திருந்த குறைகளையெல்லாம் சொல்லிவிட்டு, நாங்களே கவனிக்காத ஒன்றையும் காட்டினார். அக்குளில் நாலு தையல் சேர்கிற இடத்தில், ஓரம் பிரியாமல் இருக்கப் போடுகிற ஓவர்லாக் தையல் துணியின் ஓரத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. "இதப் பாத்தியளா? இப்படியே விட்டா துவைச்சதும் பிரிஞ்சுரும்" என்றார்.

அவர் வெளியே போனதும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "பாத்தியாங்கறாருங்க மேடம். நம்மகிட்டயே இப்படீன்னா லைன்ல டெய்லருககிட்ட எப்படிப் பேசுவாரு? ரஃப்பான ஆளுங்க."

அவர் 'பாத்தியா' என்று சொல்லவில்லை, 'பாத்தியளா' என்றார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மரியாதை அங்கேதான் இருக்கிறது. வாரிய, இருக்கிய, சொல்லுதிய என்பதெல்லாம் அங்கே பெரியவர்களிடம் பேசுகிற பேச்சு. 'ங்க' வரும் வரும் என்று காத்திருக்கிற நம் காதுக்கு அது எட்டுவதில்லை. முழு மரியாதையோடு பேசிய மனிதர் மரியாதை தெரியாதவர் என்று தாளில் ஏறிவிடுகிறார். வேலை ஏன் கிடைக்கவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லப் போவதுமில்லை. "கூப்பிடறோமுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த 'ங்க'வை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அன்று நான் விடவில்லை. விவாதம் முதலாளி அறை வரைக்கும் போனது, அவரை எடுத்தோம். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் இப்படி மல்லுக்கட்ட முடியாது. ஆள் எடுக்கிற முறையையே மாற்ற வேண்டும் என்று அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

இதில் எனக்கு இவ்வளவு வேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நான் காங்கேயம் பக்கம். காலேஜ் முடித்துச் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் இதையே எதிர்ப்பக்கம் நின்று அனுபவித்தேன். மீட்டிங்கில் வாயைத் திறந்தால் விஷயத்துக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். "ஏனுங்க" என்று நம்மிடமே திருப்பிப் பேசிக் காட்டுவார்கள். கணக்கில் தப்பு இருக்கிறது என்று கோபமாகச் சொன்னாலும் 'கோயம்புத்தூர் குசும்பு' என்பார்கள். என்னோடு வேலை பார்த்த பெருந்துறைப் பெண் ஒருத்தி, வீட்டிலிருந்து போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடிவிடுவாள். "என்ர", "அக்கட்டால" என்று ஏதாவது காதில் விழுந்துவிட்டால் அன்று முழுக்க ஓட்டுவார்கள்.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு அதிகமாக வலித்தது பாராட்டுதான். "எவ்வளவு இனிமையா பேசறீங்க!" என்பார்கள். அடுத்த நிமிஷமே, "கிளையன்ட் காலுக்கு வேற யாராவது பேசட்டும்" என்பார்கள். இனிமையாகப் பேசுகிறவளுக்குக் கணக்குத் தெரியும், முடிவெடுக்கத் தெரியும் என்பது அவர்கள் மனதில் ஏறவே இல்லை.

பல வருஷம் கழித்து இதற்கு விளக்கம் ஒரு பழைய ஆய்வில் கிடைத்தது. 1960-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியல் பேராசிரியர் தன் குழுவினரோடு செய்தது. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் நன்றாகப் பேசுகிறவர்களை ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். அதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று மார்க் போடச் சொன்னார்கள். இரண்டும் ஒரே ஆளின் குரல் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அறிவு, நம்பகம் என்று பலவற்றில் ஆங்கிலக் குரலுக்குத்தான் அதிக மார்க் விழுந்தது. ஆளையே பார்க்காமல், உயரமானவர் என்றுகூட ஆங்கிலக் குரலுக்கே போட்டார்கள். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களும் அப்படித்தான் போட்டார்கள். தங்கள் மொழிக் குரலுக்கு அவர்கள் கூடுதலாகக் கொடுத்தது பக்தியும் அன்பும். எனக்குக் கிடைத்த 'இனிமை'யும் அந்த வகைதான். திறமையை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு நல்ல குணத்தை இந்தப் பக்கம் தருவார்கள். நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இன்னொன்று, 1992-இல் டொனால்ட் ரூபின் அமெரிக்காவில் செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடத்தைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே குரல்தான், அது அமெரிக்கப் பெண்ணின் குரல். பாடம் எடுப்பவர் இவர் என்று சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும் சிலருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார்கள். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள், உச்சரிப்பு வெளிநாட்டுக்காரர் மாதிரி இருந்தது என்றார்கள். பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே ஏறியிருந்தது. குரலில் இல்லாத உச்சரிப்பு கேட்கிறவர் காதில் உண்டாகிவிட்டது.

அமெரிக்கா வரைக்கும் போகவே வேண்டாம், எங்கள் கம்பெனி மாடிப்படியில் ஏறி இறங்கினாலே தெரியும். மேலே ஆர்டர் பிடித்துக் கவனிக்கிற மெர்ச்சன்டைசிங் பிரிவு. ஸ்பெயினிலிருந்து வருகிற பையர், அதாவது எங்களிடம் துணி வாங்குகிறவர், ஒருவர் 'ஸ்டைல்' என்பதை 'எஸ்டைல்' என்பார், வேகமாகப் பேசுவார், பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார். ஆபீஸே முன்னால் சாய்ந்து கேட்கும். புரியாவிட்டால் பணிவாக இன்னொருமுறை கேட்போம், பேசி முடித்ததும் நாலு பேர் கூடி அவர் என்ன சொன்னார் என்று சரிபார்ப்போம். குறை நம் காதில்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். கீழே தையல் லைனில் ஒடிசாவிலிருந்து வந்த பெண், வந்த கொஞ்ச நாளில் தானாகக் கற்றுக்கொண்ட தமிழில் ஏதோ சொல்கிறாள். யாரும் சாய்ந்து கேட்பதில்லை. குறை அவள் நாக்கில் என்று முடிவாகிவிடுகிறது. அவளுடைய தாய்மொழி ஒடியா, லைனில் அவள் பெயர் 'இந்திக்காரி'. பையன்களாக இருந்தால் 'வடக்கன்'.

அந்தக் கேலிக்கு ஒருநாள் கம்பெனியே விலை கொடுத்தது. அதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "சும்மா தமாஷுக்குத்தானுங்க" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எடுபடுகிற ஒரே வாதம் இதுதான்.

ஏற்றுமதித் துணியில், அதிலும் குழந்தைத் துணியில், உடைந்த ஊசி மாட்டினால் பெரிய ஆபத்து. அதனால் ஊசி உடைந்தால் டெய்லர் உடனே மெஷினை நிறுத்திச் சொல்ல வேண்டும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, முழு ஊசியும் கிடைத்துவிட்டதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கே இருக்கிற பீஸ்களைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

அந்தப் பெண் முதல்முறை ஊசி உடைந்தபோது எழுந்து நின்று, தன் தமிழில் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். லைன் முழுக்க அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிச் சிரித்திருக்கிறது. சூப்பர்வைசரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அடுத்த நாட்களில் அவளைப் பார்த்தாலே அந்த வாக்கியத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அடுத்தமுறை ஊசி உடைந்தபோது அவள் சொல்லவில்லை. கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, பக்கத்து மெஷின் அக்காவிடம் ஜாடை காட்டி வேறு ஊசி வாங்கி மாட்டிவிட்டாள்.

முனை மட்டும் துணியில் இருந்தது. பேக்கிங்கில், துணிக்குள் ஊசி இருந்தால் காட்டிக்கொடுக்கிற நீடில் டிடெக்டர் மெஷின் கத்தியது. ஏற்கெனவே கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு பீஸையும் மறுபடி மெஷினில் ஓட்டினார்கள். ராத்திரி முழுக்க வேலை. "ஏன் சொல்லல? வாயில என்ன இருக்குது?" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருந்தார். அவள் பதில் பேசவில்லை. மறுநாள் ஒடியா தெரிந்த செக்கிங் பையனை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. தண்டனையாக அவளுக்கு அரை ஷிப்ட் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லிப் பேச்சு வந்தது. பிடிப்பதென்றால் சிரித்தவர்கள் எல்லாருக்கும் பிடியுங்கள் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது லைனில் ஒரு விதி இருக்கிறது: யார் பேச்சையும் யாரும் பேசிக் காட்டக்கூடாது. ஊரை வைத்தோ மொழியை வைத்தோ பட்டப்பெயர் கிடையாது. சூப்பர்வைசர் சிரித்தால் அது எனக்கு வருகிற புகார். புது டெய்லர்களுக்கு முதல் நாளே ஊசி, நெருப்பு, கரன்ட், அடிபட்டது என்கிற நான்குக்கும் அவரவர் மொழியில் சொல்லலாம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொற்களைத் தமிழ், ஒடியா, இந்தி மூன்றிலும் எழுதி லைனில் ஒட்டியிருக்கிறோம். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது சூப்பர்வைசர்தான், டெய்லர் அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. நம்முடையது மரியாதையான பேச்சு என்பதில் கொங்கு நாட்டில் எல்லாருக்கும் பெருமை. எனக்கும்தான். ஆனால் அந்த மரியாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்ததில்லை. எங்கள் ஊரில் தோட்டத்து வேலைக்கு வருகிற வயசான மனிதர், டவுசர் போட்ட பையனைப் பார்த்து "வாங்க சாமி" என்பார். பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "வாடா" என்பான். அருகில் இருக்கிற அப்பாரு அவனைத் திருத்த மாட்டார். கீழிருந்து மேலே போன மரியாதை மேலிருந்து கீழே வரவில்லை. அந்தப் பெரியவரின் பேத்தி இன்று எங்கள் கம்பெனி மாதிரி ஒரு இடத்தில் நேர்காணலுக்கு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ங்க' போடாமல் பேசினால் "திமிரா பேசறா" என்று எழுதுகிறார்கள். வேறு ஒரு பெண் அப்படியே பேசினால் 'தன்னம்பிக்கை'.

அருந்ததியர் வீடுகள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அந்தப் பிள்ளைகள் பள்ளியிலும் கம்பெனியிலும் அதை வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். பக்கத்துக் கோயம்புத்தூரில் நாயுடு வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள், தேவாங்கர் வீடுகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். அவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சை வைத்து ஊரையும், ஊரை வைத்துத் தெருவையும், தெருவை வைத்துச் சாதியையும் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. "எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்து "ஊர்ல எந்தப் பக்கமுங்க?" என்று போகும். எங்கள் நேர்காணலில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது, வேலைக்கு அது போதும்.

சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று பட்டியல் போடுகிறது. மொழி அந்தப் பட்டியலில் இல்லை, உச்சரிப்புக்கு எங்கே இடம்? 29ஆவது பிரிவில் மொழி வருகிறது. அதுவும் அவரவர் மொழியைக் காத்துக்கொள்ளலாம், மொழியைக் காரணம் காட்டி அரசு நடத்துகிற, அரசு உதவி பெறுகிற கல்வி நிறுவனங்களில் இடம் மறுக்கக்கூடாது என்பதோடு சரி. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பேச்சைக் கேலி பண்ண ஆரம்பித்து, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை நாலு பேர் முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்துகிற அளவுக்குப் போனால், 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அப்போது "தமாஷுக்குத்தானுங்க" செல்லாது. மற்றபடி ஆள் எடுக்கிற மேஜையில்தான் இதை மாற்றியாக வேண்டும்.

நாங்கள் செய்து பார்த்து உருப்படியாக நின்றவற்றைச் சொல்கிறேன். முதலில் கை வேலை, அப்புறம்தான் பேச்சு. செக்கிங் ஆள் என்றால் குறை உள்ள பீஸ்களைக் கொடுத்து, பார்த்ததைத் தாளில் குறிக்கச் சொல்கிறோம். அதற்கு மார்க் போட்டு மூடி வைத்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறோம். மேஜையில் இருக்கிற இரண்டு பேரும் தனித்தனியாக மார்க் போட வேண்டும், போட்டு முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. "ரஃப்பான ஆளு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் காதும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிடும்.

தாளில் இருந்த 'பேச்சுத் திறன்' என்ற கட்டத்தை அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, இந்தக் குறையைத் தைத்தவரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறோம். கேட்டவருக்கு எங்கே, என்ன, எப்படிச் சரிசெய்வது என்று மூன்றும் புரிந்தால் முழு மார்க். எந்த ஊர்ப் பேச்சில் சொன்னாலும் சரி. பேச்சைக் காரணம் காட்டி ஒருவரைக் கழிப்பதானால், எந்த வாக்கியம் புரியவில்லை என்று அதை அப்படியே எழுத வேண்டும். இந்த ஒன்று வந்ததிலிருந்து 'பேச்சு சரியில்லை' பெரும்பாலும் நின்றுபோனது. எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இருப்பதில்லை.

முதல் சில நிமிஷப் பேச்சுக்கு மார்க்கே கிடையாது. எந்த பஸ்ஸில் வந்தீர்கள், முன்னால் எந்த மெஷின் ஓட்டினீர்கள் என்று சும்மா பேசுகிறோம். காது பழகட்டும் என்றுதான். பழக்கமில்லாத உச்சரிப்புக்குக் காது எவ்வளவு சீக்கிரம் பழகும் என்று அமெரிக்காவில் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள், ஒரு நிமிஷத்துக்குள்ளேயே பழகிவிடுகிறதாம். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்க மனசில்லாமல்தான் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். அப்படியும் புரியாவிட்டால் "எனக்குப் புரியலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். "ஒழுங்கா பேசுங்க" என்ற வார்த்தை மேஜையில் வரக்கூடாது.

கேலிக்கு ஆளாகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உச்சரிப்பு வேறு, தெளிவு வேறு. உச்சரிப்பை மாற்ற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தெளிவுக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெடலாம்: பேர், எண், தேதி மூன்றையும் நிதானமாக, இரண்டு தரம் சொல்லுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்று போனில் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் குழப்பம்தான். ஒண்ணு அஞ்சு, அஞ்சு சைபர் என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள், பிறகு மெயிலிலும் போட்டுவிடுங்கள். சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரிக்க வேண்டாம். சிரிப்பு அடங்கும்வரை நின்று, அதே வாக்கியத்தை அதே மாதிரி சொல்லுங்கள். "எந்த இடம் புரியலைங்க?" என்று கேளுங்கள். புரிந்துதான் சிரித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியும், பதில் வராது. "உங்க ஊர்ப் பேச்சு பேசிக் காட்டுங்க" என்றால் முடியாது என்று சொல்லலாம், முகத்தைத் தூக்கிக்கொள்ளவும் தேவையில்லை. இதைவிட உதவி, கூட இருக்கிற ஒருவர் சிரிக்காமல் இருப்பது. "அவங்க லாட் நம்பர் சொன்னாங்க, எழுதிக்கிட்டீங்களா?" என்று அவர் விஷயத்துக்குத் திருப்பிவிட்டால் அறையே திரும்பிவிடும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று மட்டும். அக்கா பையன் கட்டுரையில், சாயங்காலம் என்பதற்கு 'பொழுதோட' என்று எழுதியிருக்கிறான். டீச்சர் அடித்துத் திருத்தியது சரிதான், ஆனால் வகுப்பு முன்னால் "பட்டிக்காட்டுப் பேச்சு" என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா நேரில் போய், "பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் சொல்லிக் குடுங்க டீச்சர், வீட்டுப் பேச்சைக் கேவலம்னு சொல்லிக் குடுக்காதீங்க" என்றாள். இந்த மாதிரிக் கொங்குச் சொற்களைத் தொகுத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000-இல் ஒரு சொல்லகராதியே வெளியிட்டிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் தன்மையாகக் கேட்டுக்கொண்டாராம்.

எங்களிடம் இன்னும் ஒத்துவராதது ரிசப்ஷன் வேலை. பையர் வந்தால் முதலில் காதில் விழுவது அந்தக் குரல், அதனால் 'நல்ல பேச்சு' வேண்டும் என்பது முதலாளியின் எண்ணம். நல்ல பேச்சு என்று அவர் நினைப்பது சென்னை டிவி பேச்சு. அவரோடு பேசிப் பேசி, கடைசியில் ஒரு டெஸ்டுக்கு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து போன் வரும், இரைச்சலுக்கு நடுவில் பேரும் நம்பரும் விஷயமும் சொல்வார்கள். அதைச் சரியாக வாங்கி, எழுதி, உரிய ஆளிடம் சேர்க்க வேண்டும். அடுத்த வாரம் நேர்காணல். யார் சரியாகச் சேர்க்கிறாரோ அவருக்குத்தான் வேலை என்று முதலாளியிடம் எழுதி வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன்.